எல்லாம் மனிதனுக்காகத்தானே? இயற்கையைப் பேணுவது பற்றி இஸ்லாம் சொல்வது

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "பூமியில் உள்ள எல்லாவற்றையும் மனிதனுக்காகவே படைத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. அப்படியிருக்க, இயற்கையைப் பாதுகாக்க இஸ்லாம் சொல்கிறது என்பதெல்லாம் ஐ.நா. சபை சுற்றுச்சூழல் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு ஒட்டவைத்த பேச்சுதானே? மரத்தை வெட்டினால் பாவம் என்று எங்காவது இருக்கிறதா?" நண்பர் ஒருவருடன் நடந்த வாக்குவாதத்தில் தனக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றும் சேர்த்திருக்கிறார். அவர் உண்மையில் கேட்பது, இயற்கையைப் பற்றி அழகான வசனங்கள் உண்டா என்பதை அல்ல. அவை நிறைய உண்டு என்பது அவருக்கே தெரிந்திருக்கும். மீறினால் குற்றம், நிறைவேற்றினால் கூலி என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல வருடங்களாக ஹதீஸும் (நபிமொழிகள்) ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) பாடம் நடத்தி வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சுற்றுச்சூழல் விஞ்ஞானி அல்ல. கார்பன் கணக்கெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் நண்பர் சொன்ன வசனத்தை எடுத்துக்கொள்வோம். அது இருக்கிறது. 2:29, அதாவது குர்ஆனின் 2-வது அத்தியாயம் 29-வது வசனம், பூமியில் உள்ளவை அனைத்தையும் உங்களுக்காகப் படைத்தான் என்கிறது. சட்ட அறிஞர்கள் இதிலிருந்துதான் "தடை வராதவரை எல்லாம் ஆகுமானது" என்ற பொதுவிதியை எடுக்கிறார்கள். ஆனால் ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு சட்டம் சொல்வது எங்கள் துறையில் ஆரம்ப மாணவனுக்கும் அனுமதி இல்லாத காரியம். 55-வது அத்தியாயம் பூமியைப் படைப்பினங்களுக்காக விரித்து வைத்ததாகச் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னால் தராசை நிறுவியதையும், அதில் வரம்பு மீறாதீர்கள் என்பதையும் சொல்கிறது. 6:38, ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. 6:141 இன்னும் நேரடியானது: பழுத்ததும் உண்ணுங்கள், அறுவடை நாளிலேயே அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள். மனிதன் அனுபவிக்கலாம். ஆனால் அவன் அனுபவிக்கும் பொருளில் வேறு பலருக்கும் பங்கு இருக்கிறது. இந்தப் பங்கு, அதாவது ஹக், என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகிவிடும். மேடைப் பேச்சுகளில் பசுமை, நேசம் என்று போகிறார்கள். ஃபிக்ஹ் நூல்களோ யாருடைய உரிமை எங்கே மீறப்படுகிறது என்று பார்க்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் பலமாகத் தெரிகிறது.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம், சட்டம் மிக நெருக்கமாக இறங்கி வருவது அங்கேதான். தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிக்காதீர்கள் என்ற தடை புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு முதன்மையான ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் என்பது முஸ்லிமில் இருக்கிறது. அபூதாவூத் என்ற இன்னொரு தொகுப்பின் அறிவிப்பில் நீர்த்துறைகளும் சேர்கின்றன. சாபம் என்று வந்துவிட்டால் அது வெறும் ஒழுக்க அறிவுரை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுத்து வைத்து, அதன் மூலம் புல்வெளியையும் பிறருக்கு இல்லாமல் செய்துவிடாதீர்கள் என்ற தடையும் புகாரியில் உண்டு. பாலைவனத்தில் மேய்ச்சல் நிலம் பொது, கிணறு மட்டும் ஒருவனுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்நடைக்குத் தண்ணீர் காட்ட முடியாவிட்டால் அந்தப் புல்லால் யாருக்கும் பயனில்லை. கிணற்றை மூடினாலே நிலத்தையும் வளைத்துப்போட்டதாகிவிடும். இந்தத் தந்திரத்தை அறிந்துதான் தடை வந்திருக்கிறது.

பயன்படுத்தும் அளவும் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து (அரபு முகத்தலளவை) தண்ணீரில் உளூ, அதாவது தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி, செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள தண்ணீரில் குளிப்பார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) சொல்வது புகாரியில் இருக்கிறது. நான்கு முத்து ஒரு ஸாஉ. பெரும்பான்மை அறிஞர்களின் கணக்கில் ஒரு முத்து என்பது முக்கால் லிட்டரைத் தாண்டாது. ஹனஃபி சட்டப் பள்ளியின் கணக்கில் கொஞ்சம் கூடும். ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒருவர், "எனக்கு ஒரு ஸாஉ போதாது" என்றார். அதற்கு ஜாபிர், "உன்னைவிட அதிக முடி உடையவரும் உன்னைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது" என்று நபியைக் குறிப்பிட்டுச் சொன்னார். எத்தனை முறை இந்த ஹதீஸை நடத்தினாலும் வகுப்பில் சிரிப்பு வந்துவிடும். ஆனால் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸஹு செய்கிற (ஈரக்கையால் தடவுகிற) நம் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்ன பதில் அது. உளூவில் விரயம் வெறுக்கத்தக்கது என்பதில் மத்ஹப்களிடையே (சட்டப் பள்ளிகளிடையே) கருத்து வேறுபாடு இல்லை. பொது உபயோகத்துக்கு வக்ஃப் (அறக்கொடை) செய்யப்பட்ட தண்ணீரானால் விரயம் ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்றே எழுதியவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே விரயமாவது அடுத்தவனின் பங்கு.

அடுத்து நிலம். கேள்வி கேட்டவர் தேடும் சட்டம் இங்கே முழு உருவில் கிடைக்கும். மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல், மக்காவின் எல்லைக்குள் முள்ளைக்கூட வெட்டக்கூடாது, வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது, புல்லைப் பிடுங்கக்கூடாது என்று நபி (ஸல்) அறிவித்தார்கள். உடனே அப்பாஸ் (ரலி) எழுந்து, "இத்கிர் புல்லைத் தவிரவா? அது எங்கள் கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் தேவைப்படுகிறது" என்று கேட்டார். "இத்கிரைத் தவிர" என்று பதில் வந்தது. புகாரியில் உள்ள இந்தச் சிறு உரையாடலை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தடை உண்மையான தடை. மக்களின் பிழைப்புக்கு அவசியமானதற்கு விதிவிலக்கும் உண்டு. அந்த விதிவிலக்கு ஒரு குறிப்பிட்ட புல்லுக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டது, மற்றவை அப்படியே நின்றன.

மதீனாவுக்கும் இதே போன்ற எல்லை வகுக்கப்பட்டது. அங்கே ஓர் அடிமை மரத்தை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி), அவன் வைத்திருந்தவற்றைப் பறித்துக்கொண்டார். அவனுடைய ஆட்கள் வந்து திருப்பிக் கேட்டபோது, "அல்லாஹ்வின் தூதர் எனக்குக் கொடுத்ததை நான் திருப்பித் தருவதா?" என்று மறுத்துவிட்டார். இது முஸ்லிமில் உள்ளது. பறிமுதல் வரை போயிருக்கிறது, பாருங்கள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஹனஃபி அறிஞர்கள் மதீனாவுக்கு மக்காவைப் போன்ற சட்டபூர்வ ஹரம் (புனிதப் பாதுகாப்பு) எல்லை இருப்பதாக ஏற்பதில்லை. மற்ற மூன்று மத்ஹப்களும் ஏற்கின்றன.

இந்த இரண்டு ஊர்களுக்கும் வெளியே "ஹிமா" என்ற ஒதுக்குநில ஏற்பாடு இருந்தது. இஸ்லாத்துக்கு முன் அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தங்களுக்கென்று வளைத்துக்கொள்வார்கள். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் தவிர வேறு யாருக்கும் ஹிமா இல்லை என்று சொல்லி நபி (ஸல்) அந்தத் தனியார் வழக்கத்தை ஒழித்தார்கள். பொதுநன்மைக்கு மட்டும் நிலத்தை ஒதுக்கலாம் என்றாயிற்று. உமர் (ரலி) தம் ஆட்சியில் ரபதா போன்ற இடங்களை இப்படி ஒதுக்கி, ஹுனை என்ற தம் பணியாளரைக் காவலுக்கு நியமித்தார். அவரிடம் உமர் சொன்னது புகாரியில் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் இருவரின் மந்தைகளைப் பற்றி எச்சரிக்கையாக இரு. அவர்களின் கால்நடை செத்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் இருக்கின்றன. இந்த ஏழையின் கால்நடை செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். தங்கத்தையும் வெள்ளியையும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு எளிது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் அநியாயம் செய்துவிட்டதாக அந்த மக்கள் நினைக்கிறார்கள், இது அவர்களின் மண்தானே என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இன்று சரணாலயம் அமைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நிலத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வேலி போடும்போது முதலில் வெளியே தள்ளப்படுவது யார்? உமர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவர் பெயர் சொல்லித் தடுத்த இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட நபித்தோழர்கள்.

உயிரினங்கள் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை பலருக்கும் தெரிந்தவை. தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்தவர் மன்னிக்கப்பட்டார். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் போனாள். இரண்டும் புகாரி, முஸ்லிமில் உள்ளவை. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்க்குருவி வந்து சிறகை விரித்துப் படபடத்தது. நபி (ஸல்) வந்து, "குஞ்சுகளை எடுத்து இதைத் தவிக்கவிட்டது யார்? திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள். அதே இடத்தில் எரிக்கப்பட்ட ஓர் எறும்புப் புற்றையும் கண்டு, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்குத்தான் என்றார்கள். இது அபூதாவூதில் இருக்கிறது. பகிரப்படும் படங்களில் நாய், பூனை ஹதீஸ்கள் வருகிற அளவுக்கு இது வருவதில்லை, என்ன காரணமோ.

இனி சந்தேகத்துக்குரியவை. இங்கே கவனம் தேவை, ஏனென்றால் நண்பர் வாதத்தில் உங்களை மடக்கியது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் ஆதாரத்தில்தான் இருக்கும். "ஓடும் ஆற்றில் இருந்தாலும் உளூவில் விரயம் செய்யாதே" என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்னதாக வருவது மிகவும் பிரபலம். இப்னு மாஜா, அஹ்மத் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. ஆனால் அறிவிப்பாளர் தொடரில் இப்னு லஹீஆ என்பவர் வருவதால் பலர் இதைப் பலவீனமானது என்கிறார்கள். சிலர் ஹஸன் (ஏற்கத்தக்க தரம்) என்கிறார்கள். கருத்து சரியானதே, ஆனால் முதல் ஆதாரமாக இதை வைக்காதீர்கள். ஒரு முத்து ஹதீஸ் கையில் இருக்கும்போது அதற்குத் தேவையுமில்லை. மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் உள்ள கன்றை நட்டுவிடுங்கள் என்ற ஹதீஸ் அஹ்மதில் உள்ளது, சரியானதாகவே கருதப்படுகிறது. ஆனால் "புகாரியில் இருக்கிறது" என்று போடுகிறார்கள். இமாம் புகாரி தொகுத்த அல்அதபுல் முஃப்ரத் என்ற வேறு நூலில்தான் இருக்கிறது, புகாரி என்று பொதுவாகச் சொல்லப்படும் அவருடைய ஸஹீஹில் இல்லை. ஸஹீஹில் இருப்பது வேறு: ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதனோ பிராணியோ தின்றால் அது அவனுக்கு ஸதகா (தர்மம்). "சுத்தம் ஈமானில் (இறைநம்பிக்கையில்) உள்ளது" என்ற அதே வாசகம் நபிமொழியாக நிலைபெறவில்லை. முஸ்லிமில் இருப்பது தூய்மை ஈமானில் பாதி என்பது. பசுமையைப் பார்த்தால் கண்பார்வை கூடும் என்பதை இட்டுக்கட்டப்பட்டது என்றே ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வசனங்களிலும் இப்படித்தான். மனிதர்களின் கைகள் சம்பாதித்ததால் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டது என்ற 30:41 இன்று எல்லாச் சுற்றுச்சூழல் மாநாடுகளிலும் ஓதப்படுகிறது. பழைய விரிவுரையாளர்கள் அதை வறட்சி, விளைச்சல் குறைவு, கொள்ளை, பாவத்தின் விளைவு என்ற வகையில்தான் விளக்கினார்கள். மனிதன் செய்வதால் பூமி கெடுகிறது என்ற அடிப்படை அதில் இருக்கிறது, ஆலைக் கழிவு பற்றிய முன்னறிவிப்பு இருக்கிறது என்று சொல்வது அதிகப்படி. ஆதமைப் பூமியில் கலீஃபாவாக (பிரதிநிதியாக) ஆக்கிய 2:30-ஐ இயற்கைப் பாதுகாவலுக்கு ஆதாரமாக வைப்பதும் பெரும்பாலும் நவீன வாசிப்புதான். தவறான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன், முஸ்லிமில் உள்ள ஒரு ஹதீஸ் அதற்கு நெருக்கமாக வருகிறது: உலகம் இனிமையும் பசுமையும் உடையது, அல்லாஹ் உங்களை அதில் பொறுப்பாக்கி, எப்படி நடக்கிறீர்கள் என்று பார்க்கிறான்.

எதிர்வாதங்களையும் மறைக்கக்கூடாது. அபூபக்ர் (ரலி) படைத்தளபதிக்குச் சொன்ன அறிவுரை, அதாவது காய்க்கும் மரத்தை வெட்டாதே, தின்பதற்குத் தவிர ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே என்பது, இமாம் மாலிக்கின் முவத்தா என்ற தொகுப்பில் தொடர் அறுந்த அறிவிப்பாக இருக்கிறது. மறுபக்கம் பனூ நளீர் குலத்தாருக்கு எதிரான முற்றுகையில் பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன, 59:5 அதை அல்லாஹ்வின் அனுமதியால் நடந்தது என்கிறது. இதனால்தான் அவ்ஸாஈ போன்ற சட்ட அறிஞர்கள் போரில் மரம் வெட்டுவதைக் கூடாது என்றும், பெரும்பான்மையோர் போர்த்தேவை இருந்தால் கூடும் என்றும் பிரிந்தார்கள். பல்லியைக் கொல்லச் சொல்லும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. மதீனாவில் ஒரு கட்டத்தில் நாய்களைக் கொல்ல உத்தரவிடப்பட்டு, பிறகு அது நிறுத்தப்பட்டு, வேட்டை, மந்தை, வயல் காவல் நாய்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டதும் இருக்கிறது. எல்லா உயிரையும் சமமாக வைத்த மார்க்கம் இது என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. தீங்கு தருவதை அகற்றலாம். சித்திரவதை கூடாது, விளையாட்டுக்குக் கொல்லக்கூடாது, உயிருள்ளதைக் குறிபார்த்து எறியும் இலக்காக்கக்கூடாது.

சரி, ஐ.நா.வுக்குப் பிறகு ஒட்டவைத்தது என்ற குற்றச்சாட்டு? பாதி உண்மை. "இஸ்லாமும் சுற்றுச்சூழலும்" என்ற தலைப்பும் தொகுப்பும் புதியவை. ஈரானிய அறிஞர் செய்யித் ஹுசைன் நஸ்ர் 1966-இல் சிகாகோவில் ஆற்றிய உரைகள் தொடக்க முயற்சிகளில் ஒன்று. 1986-இல் இத்தாலியின் அசிசியில் பல மதத்தவரும் கூடியபோது முஸ்லிம் தரப்பு அறிக்கை வந்தது. 2014-இல் இந்தோனேசிய உலமா சபை, அழிந்துவரும் விலங்குகளைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. 2015-இல் இஸ்தான்புலில் காலநிலை மாற்றம் பற்றிய பிரகடனம் வந்தது. இவை நவீனக் கவலைகளுக்கு எழுதப்பட்ட பதில்கள்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவை எடுத்துக்காட்டும் சட்டங்கள் ஆயிரத்து நானூறு வருடப் பழமை உடையவை. சொல்லப்போனால் நவீன காலம் அவற்றை அழித்தும் இருக்கிறது. அரேபியாவில் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஹிமா நிலங்களில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டு மேய்ந்து தீர்க்கப்பட்டது. லெபனானில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2004-இலிருந்து ஹிமா என்ற பெயரிலேயே அந்த ஏற்பாட்டை மீட்டு வருகிறது.

புதிய பிரச்சினைகளுக்கு ஃபிக்ஹில் வழி இல்லாமல் இல்லை. "தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் இல்லை" என்ற நபிமொழி ஒரு சட்ட அடிப்படையாகவே ஏற்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்குப் புகை போகும்படி அடுப்பு வைப்பது, ஊர் நடுவே தோல் பதனிடுவது போன்ற வழக்குகளைப் பழைய காஜிகள் (நீதிபதிகள்) இதை வைத்துத்தான் தீர்த்தார்கள். ஆலைக் கழிவுக்கு இதை நீட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. யார், எங்கே, எவ்வளவு தீங்கு என்பது பல கோடிப் பேரிடம் பரவிக் கிடக்கும் காலநிலை மாற்றத்தில் தனிமனிதன் மேல் எவ்வளவு கடமை விழும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம். விமானத்தில் பறப்பது ஹராமா என்று கேட்பவர்களுக்கு உறுதியான தீர்ப்பு சொல்லும் நிலையில் நான் இல்லை.

கடைசியாக மரம். இலந்தை மரத்தை வெட்டுகிறவனின் தலையை அல்லாஹ் நரகத்தில் கவிழ்ப்பான் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் தரம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூதாவூதிடமே இதைக் கேட்டபோது, பாலைவெளியில் வழிப்போக்கனும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை எந்த உரிமையும் இல்லாமல் வீணாக வெட்டுவதைத்தான் இது குறிக்கிறது என்றார். ஆக, சொந்த நிலத்தில் சொந்த மரத்தைத் தேவைக்காக வெட்டுவது பாவமில்லை. எந்தப் பயனும் கருதாமல் அழிப்பது, பொருளை வீணாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்ற ஹதீஸின் கீழ் வரும். பொதுவழியில் நிற்கும் மரமானால் அதன் நிழலில் ஒதுங்குகிறவர்களின் உரிமை குறுக்கே வரும். பள்ளிவாசல் வக்ஃபு மரமானால் நிர்வாகி நினைத்தபடி வெட்டவும் முடியாது, விற்ற பணத்தை வேறு கணக்கில் சேர்க்கவும் முடியாது. குறிப்பிட்ட ஒரு மரத்தை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், உள்ளூர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போகும்போது நிலம் யாருடையது, நிழலையும் காயையும் இப்போது யார் அனுபவிக்கிறார்கள், என்ன காரணத்துக்காக வெட்ட வேண்டியிருக்கிறது என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இவை தெரியாமல் அவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.